நோய்க்கிருமிகளின் சுரப்பு அமைப்புகள்: ஒரே வேலைக்கு ஏன் இத்தனை வகைகள்?

முதுகலை_மாணவி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் நுண்ணுயிரியல் முதுகலை மாணவி. நோய் உண்டாக்கும் பாக்டீரியாக்களின் சுரப்பு அமைப்புகள் (புரதங்களை வெளியே அனுப்பும் கருவிகள்) என்ற பாடத்தில் எனக்கு அடிப்படையிலேயே ஒரு தெளிவின்மை இருக்கிறது. இத்துறையில் வேலை செய்பவர்கள் யாராவது விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பாடநூலில் ஒன்றாம் வகை தொடங்கி ஒன்பதாம் வகை வரை ஓர் அட்டவணை கொடுத்திருக்கிறார்கள். ஈ. கோலையின் ஹீமோலைசின் ஒன்றாம் வகை வழியாகவும், காலரா நச்சு இரண்டாம் வகை வழியாகவும் வெளியேறுகின்றன. சால்மோனெல்லா, ஷிகெல்லா, யெர்சினியா ஆகியவற்றுக்கு மூன்றாம் வகை. ஹெலிகோபாக்டர் பைலோரிக்கும் லெஜியோனெல்லாவுக்கும் நான்காம் வகை. காசநோய்க் கிருமிக்கு ஏழாம் வகை. எந்தச் சவ்வில் எந்தப் புரதம் அமர்ந்திருக்கிறது என்பதையெல்லாம் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிடலாம். ஆனால், உள்ளே தயாரான ஒரு புரதத்தை வெளியே அனுப்புவது என்ற ஒரே வேலைக்கு இத்தனை விதமான கருவிகள் ஏன் தேவைப்பட்டன என்பதற்கு அந்த அட்டவணையில் விடை இல்லை. காலராக் கிருமி தன் நச்சைக் குடலுக்குள் விட்டுவிட்டால் போதும், நச்சே மீதி வேலையைப் பார்த்துக்கொள்கிறது. சால்மோனெல்லாவோ பல புரதங்களைக் கோத்து ஊசி போன்ற ஒரு கருவியைக் கட்டி, நம் செல்லை ஒட்டி நின்றால்தான் காரியம் நடக்கிறது. முன்னதே போதுமென்றால் பின்னதற்கு என்ன அவசியம்?

இதோடு சேர்ந்த இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. இந்த எண் வரிசை, இவை தோன்றிய வரிசையைக் காட்டுகிறதா? மேலும், சுரப்பு அமைப்பை அடைத்துவிட்டால் கிருமியைக் கொல்லாமலேயே நோயைத் தடுக்கலாம் என்று பாடநூல் ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. அது அவ்வளவு எளிதென்றால் அப்படியொரு மருந்து ஏன் இன்னும் வழக்கத்தில் இல்லை?

சவ்வு_ஆய்வாளர் (பதில்)

எண் வரிசையை முதலில் ஒதுக்கிவைத்துவிடலாம். அது தோற்ற வரிசையும் அல்ல, எளியதிலிருந்து சிக்கலானதற்குச் செல்லும் வரிசையும் அல்ல. பெரும்பாலும், எந்த அமைப்பு எப்போது இனங்காணப்பட்டுப் பெயர் பெற்றது என்பதையே அது காட்டுகிறது. ஆறாம் வகை என்ற பெயர் 2006-இல்தான் வந்தது. அதன் கருவியோ மிகப் பழமையான ஒன்றோடு உறவுடையது.

உங்கள் முதல் கேள்வி நல்ல கேள்வி. அதற்கு விடை தேடும்போது, எத்தனை சவ்வு, எத்தனை புரதம் என்று எண்ணுவதைவிட வேறொன்றைக் கேட்டுப்பாருங்கள்: நம் செல்லுக்குள் நுழையும் திறன் யாரிடம் இருக்கிறது? வெளியேறும் புரதத்திடமே இருக்கிறதா, அல்லது அதை அனுப்பும் பாக்டீரியாவின் கருவியிடம் இருக்கிறதா? அட்டவணையில் சிதறிக் கிடக்கும் பல விவரங்கள் இந்த ஒரு கேள்வியின் கீழ் ஒழுங்காக வந்து அமர்ந்துவிடும்.

இந்த வேறுபாட்டைச் சோதனைகளே முதலில் காட்டின. 1888-இல் எமில் ரூவும் அலெக்சாண்டர் யெர்சினும் டிப்தீரியாக் கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டி, கிருமி ஒன்றுகூட இல்லாத அந்த வடிதிரவத்தை விலங்குகளுக்குச் செலுத்தியபோதும் நோயின் கேடுகள் தோன்றின. 1959-இல் கல்கத்தாவில் சம்பு நாத் டே காலராக் கிருமியின் வடிதிரவத்தை முயலின் குடல் வளையத்துக்குள் செலுத்திப் பார்த்தார். கிருமி இல்லாமலேயே குடல் வளையம் திரவத்தால் நிரம்பி வீங்கியது. இரண்டு சோதனைகளும் சொல்வது ஒன்றே. நச்சு வெளியேறிய பிறகு அதற்குக் கிருமியின் துணை தேவையில்லை.

யெர்சினியாவில் கதை வேறு. அதன் யாப்-ஈ என்ற புரதத்தைத் தூய்மையாக்கி, வளர்ப்புச் செல்களைச் சூழ்ந்த திரவத்தில் கலந்தால் செல்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. அதே புரதத்தை உடைய உயிருள்ள பாக்டீரியா செல்லின்மேல் ஒட்டிக்கொண்டால் மட்டும், செல்லின் வடிவத்தைத் தாங்கும் ஆக்டின் இழைகள் குலைந்து, பரந்து படர்ந்திருந்த செல் உருண்டையாகச் சுருங்கிவிடுகிறது. புரதத்தின் நச்சுத்தன்மையில் குறையில்லை. உள்ளே போகத்தான் அதற்கு வழி தெரியாது. டிப்தீரியாவில் தானே நுழையும் நச்சைக் காட்டிய அதே யெர்சின்தான் 1894-இல் ஹாங்காங்கில் பிளேக் கிருமியைக் கண்டறிந்தார் என்பதையும், கருவியின் துணையால் மட்டுமே நுழையும் புரதங்களுக்கு முதன்மைச் சான்றாக அமைந்த பேரினம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது என்பதையும் நினைக்கும்போது எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும்.

இப்போது காலரா நச்சைக் கிட்டே சென்று பார்ப்போம். அதில் ஓர் ஏ துணையலகும் ஐந்து பி துணையலகுகளும் உள்ளன. ஒவ்வொன்றும் முதலில் செக் என்னும் பாதை வழியாக, மடிப்பு இல்லாத சங்கிலியாக உள்சவ்வைக் கடந்து, இரு சவ்வுகளுக்கும் இடையிலுள்ள பெரிப்பிளாசத்தை அடைகிறது. அங்கேதான் சங்கிலிகள் மடிகின்றன, டைசல்பைடு பிணைப்புகள் உண்டாகின்றன, ஐந்து பி துணையலகுகளும் ஒரு வளையமாகக் கூடி ஏ துணையலகைத் தாங்கிக்கொள்கின்றன. முழுதாகக் கட்டி முடிந்த இந்த நச்சைத்தான் இரண்டாம் வகை அமைப்பு வெளிச்சவ்வின் வாயில் வழியாக வெளியே தள்ளுகிறது. மடிந்த பொருளை ஏன் அனுப்ப வேண்டும் என்றால், நச்சு வெளியேறிய கணத்திலிருந்து தனியாக இயங்க வேண்டும். பி வளையம் குடற்செல்லின் மேற்பரப்பிலுள்ள ஜிஎம்-1 என்னும் கொழுப்புச் சர்க்கரையைத் தானே பற்றிக்கொள்கிறது. செல்லின் உட்பாதைகளில் பின்னோக்கிப் பயணம் செய்து ஏ துணையலகின் ஒரு பகுதி சைட்டோபிளாசத்தை அடைகிறது. அங்கே ஒரு ஜி புரதத்தை அணையாத நிலையில் பூட்டிவைக்கிறது. செல்லுக்குள் செய்தி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி என்னும் மூலக்கூறின் அளவு ஏறுகிறது. குளோரைடும் அதைத் தொடர்ந்து நீரும் குடலுக்குள் கொட்டுகின்றன. கிருமியின் வேலை வெளிச்சவ்வோடு முடிந்துவிட்டது.

மூன்றாம் வகைப் புரதங்களில் இந்த பி வளையத்துக்கு நிகரான பகுதி இல்லை. அதனால் அவை சிறியவையாக, பலவாக, விதவிதமாக இருக்க முடிகிறது. ஒவ்வொரு நச்சுக்கும் தனித்தனியாக ஓர் ஏற்பியைப் பற்றும் பகுதியும், சவ்வைக் கடக்கும் பகுதியும் பரிணாமத்தில் உருவாக வேண்டும் என்றால் அது மிகக் கடினமான வழி. நுழைவாயிலை ஒருமுறை கட்டிவிட்டால், சரியான முன்னொட்டு வரிசை உள்ள எந்தப் புரதத்தையும் அதன் வழியே அனுப்பலாம். லெஜியோனெல்லா தன் நான்காம் வகை அமைப்பின் வழியாக 300-க்கும் மேற்பட்ட வெவ்வேறு புரதங்களை விருந்தோம்பிச் செல்லுக்குள் செலுத்துகிறது. அத்தனையும் தாமாகவே நுழையும் நச்சுகளாக இருப்பதை எண்ணிப் பார்க்கவே முடியாது. இதற்கு அந்தப் பாக்டீரியா கொடுக்கும் விலை, செல்லைத் தொட்டுக்கொண்டோ செல்லுக்குள்ளேயோ இருந்தாக வேண்டும் என்பதுதான்.

ஒன்றாம் வகையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. உள்சவ்வில் ஏடிபி-யால் இயங்கும் ஒரு கடத்தி, நடுவே ஓர் இணைப்புப் புரதம், வெளிச்சவ்வில் டால்-சி என்னும் குழல் என மூன்றே பாகங்கள். புரதத்தின் வால் நுனியிலுள்ள குறிப்பைப் பார்த்து, பெரிப்பிளாசத்தில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் வெளியேற்றிவிடுகிறது. ஹீமோலைசின் வெளியே வந்தபின் கால்சியத்தைப் பிணைத்துக்கொண்டு மடிந்து, தானே செல் சவ்வைத் துளைக்கிறது. ஆகவே என் கேள்வியின்படி இதுவும் காலரா நச்சின் பக்கமே நிற்கிறது.

ஊசிக்கருவி (பதில்)

மேலே உள்ள விளக்கத்தை முழுமையாக ஏற்கிறேன். இரண்டாவது கேள்வியையும், மூன்றாம் வகையைப் பற்றி ஓர் எச்சரிக்கையையும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

இந்த அமைப்புகள் ஒரே மூதாதையிலிருந்து வரிசையாக வளர்ந்தவை அல்ல. ஒவ்வொன்றும் பாக்டீரியாவிடம் ஏற்கெனவே வேறு வேலைக்காக இருந்த ஒரு கருவியோடு உறவுடையது. மூன்றாம் வகையின் மையப் புரதங்கள், பாக்டீரியா நீந்தப் பயன்படுத்தும் கசையிழையின் அடிப்பகுதியில் உள்ளவற்றின் நெருங்கிய உறவினர். கசையிழையும் தன் பாகங்களைத் தன் நடுத்துளை வழியாகவே வெளியே அனுப்பி நுனியில் கோத்து வளர்கிறது. மரபணு ஒப்பீடுகள், ஊசிக்கருவி கசையிழைக் கருவியிலிருந்து கிளைத்தது என்ற கருத்தையே ஆதரிக்கின்றன. நான்காம் வகை, ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்கு பிளாஸ்மிட் என்னும் சிறு டிஎன்ஏ வளையத்தைக் கடத்தும் இணைவுக் கருவியின் குடும்பம். தாவரங்களில் கழலை உண்டாக்கும் அக்ரோபாக்டீரியம் இன்றும் அதன் வழியே டிஎன்ஏ-வைத்தான் தாவரச் செல்லுக்குள் அனுப்புகிறது. ஹெலிகோபாக்டர் பைலோரி அதே குடும்பக் கருவியைக் கொண்டு கேக்-ஏ என்னும் புரதத்தை இரைப்பைச் செல்லுக்குள் செலுத்துகிறது. ஆறாம் வகை, பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களின் சுருங்கும் வாலை ஒத்தது. அது பெரும்பாலும் நம் செல்களுக்கு எதிராக அல்லாமல், பக்கத்திலுள்ள போட்டிப் பாக்டீரியாக்களைக் கொல்லவே பயன்படுகிறது. ‘ஒரே வேலைக்கு ஏன் இத்தனை கருவிகள்’ என்ற உங்கள் கேள்விக்கு இதுவும் பாதி விடை. எடுத்தாளப்பட்ட பழைய கருவிகள் வெவ்வேறாக இருந்ததால் கிடைத்த அமைப்புகளும் வெவ்வேறாக இருக்கின்றன.

இனி எச்சரிக்கை. 1998-இல் சால்மோனெல்லாவின் சவ்வுகளிலிருந்து இந்தக் கருவியைப் பிரித்தெடுத்து மின்னணு நுண்ணோக்கியில் படமெடுத்தபோது, இரு சவ்வுகளிலும் பதியும் வளையங்களும், அவற்றின்மேல் நீட்டிக்கொண்டிருக்கும் குழலும் தெளிவாகத் தெரிந்தன. அன்றிலிருந்து ஊசி என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் மருத்துவ ஊசியை மனத்தில் வைத்துக்கொண்டால் மூன்று விஷயங்கள் தவறாகப் புரியும். முதலாவது, குழலின் உள்துளை ஏறத்தாழ 2 நானோமீட்டர் அகலமே உள்ளது. மடிந்த புரதம் அதற்குள் நுழையாது. துணைப் புரதங்கள் பற்றிவைத்திருக்கும் புரதத்தைக் கருவியின் அடியிலுள்ள ஏடிபி நொதி விடுவித்து, மடிப்பை அவிழ்த்து, சங்கிலியாக உள்ளே செலுத்துகிறது. எளிதில் அவிழாத ஒரு புரதத்தை வால்பகுதியில் செயற்கையாக இணைத்து அனுப்பியபோது அது பாதி வழியில் சிக்கி நின்றதை நுண்ணோக்கியிலேயே பார்த்திருக்கிறார்கள். இரண்டாவது, குழலின் நுனி நம் செல்லின் சவ்வைக் குத்திக் கிழிப்பதில்லை. பாக்டீரியா முன்கூட்டி அனுப்பும் இரண்டு புரதங்கள் நம் சவ்வில் பதிந்து ஒரு துளையை அமைக்கின்றன, பிறகுதான் மற்றவை போகின்றன. மூன்றாவதாக, பாக்டீரியாவின் மேற்பரப்பில் ஏற்கெனவே படிந்திருக்கும் புரதங்கள்கூட அந்தத் துளை வழியாக உள்ளே செல்ல முடியும் என்று யெர்சினியாவில் செய்த சோதனைகள் காட்டியுள்ளன. ஆகவே எல்லாமே குழலின் வழியாக ஒரே படியில்தான் செல்கிறது என்று உறுதியாக எழுதிவிடாதீர்கள்.

செலுத்தப்பட்ட பின் என்ன நடக்கிறது என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு சால்மோனெல்லாவின் இரண்டு புரதங்கள். சோப்-ஈ என்பது செல்லின் ரேக், சிடிசி-42 என்னும் இரு மாற்றுவிசைப் புரதங்களை இயக்கிவிடுகிறது. உடனே செல்லின் மேற்சவ்வு மடிப்பு மடிப்பாகப் பொங்கி எழுந்து பாக்டீரியாவைச் சூழ்ந்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. எஸ்பிடி-பி என்னும் இன்னொரு புரதம் அதே ரேக்கையும் சிடிசி-42-ஐயும் அணைத்துவிடுகிறது. ஒன்று இயக்குவதை மற்றொன்று அணைத்தால் இரண்டையும் சேர்த்து அனுப்பி என்ன பயன் என்று தோன்றும். விடை அவற்றின் ஆயுளில் இருக்கிறது. இரண்டும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் உள்ளே போனாலும், நம் செல்லின் புரதச் சிதைப்பு அமைப்பான புரோட்டியாசோம் சோப்-ஈ-யை விரைவாகவும், எஸ்பிடி-பி-யை மிக மெதுவாகவும் அழிக்கிறது. ஆகவே முதலில் சவ்வு பொங்குகிறது, பாக்டீரியா உள்ளே போகிறது, சோப்-ஈ அழிந்தபின் எஸ்பிடி-பி மேலோங்கிச் செல்லின் வடிவம் பழைய நிலைக்குத் திரும்புகிறது. காலத்தை அளந்து கொடுப்பது பாக்டீரியாவின் கடிகாரம் அல்ல, நம் செல்லின் சிதைப்பு இயந்திரம்தான். இவ்விரு புரதங்களின் ஆயுளை நிர்ணயிக்கும் பகுதிகளை இடம் மாற்றி ஒட்டியபோது சிதையும் வேகமும் மாறியது என்பதால் இது வெறும் ஊகமன்று.

முதுகலை_மாணவி (மறுமொழி)

இரண்டு விளக்கங்களுக்கும் மனமார்ந்த நன்றி. நுழையும் திறன் யாரிடம் இருக்கிறது என்ற கேள்வியை வைத்துக்கொண்டு அட்டவணையைத் திரும்பப் படித்தேன். மனப்பாடமாக இருந்த பல இடங்கள் காரணத்தோடு புரிகின்றன. ஆனால் காசநோய்க் கிருமி இந்தப் பிரிவில் எங்கே வருகிறது? அது இரு சவ்வுகளைக் கொண்ட கிராம் நெகட்டிவ் வகையும் அல்ல, அது வெளியிடும் ஈசாட்-6 காலரா நச்சைப் போன்ற புரதமாகவும் தெரியவில்லை. மருந்து பற்றிய கேள்விக்கும் விடை தெரிந்தவர்கள் எழுதினால் நல்லது.

நெஞ்சகநோய்_ஆய்வகம் (பதில்)

காசநோய்க் கிருமியின் சுவர் அமைப்பே தனி. அதன் சவ்வுக்கு வெளியே மைக்கோலிக் அமிலங்களால் ஆன தடித்த கொழுப்புப் படலம் இன்னொரு சவ்வைப் போலவே செயல்படுகிறது. ஏழாம் வகை அமைப்பு அந்தத் தடையைக் கடப்பதற்கானது. அக்கிருமியில் இதன் ஐந்து பிரதிகள் உள்ளன. நோய்த்தன்மைக்கு முதன்மையானது ஈஎஸ்எக்ஸ்-1. ஈசாட்-6, சிஎஃப்பி-10 என்னும் இரண்டு சிறிய புரதங்கள் இணையாக அதன் வழியே வெளியேறுகின்றன. கிருமியை விழுங்கிய மேக்ரோஃபேஜ் என்னும் நோயெதிர்ப்புச் செல் அதை ஒரு பைக்குள் அடைத்துவைக்கிறது அல்லவா, அந்தப் பையின் சவ்வு சேதமடைய ஈஎஸ்எக்ஸ்-1 தேவை. ஈசாட்-6 தனியாகவே துளையிடுகிறதா, கிருமியின் பிற கொழுப்புப் பொருள்களோடும் நேரடித் தொடர்போடும் சேர்ந்துதான் இது நடக்கிறதா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. கிருமி ஏற்கெனவே செல்லுக்குள் இருப்பதால், மேலே கேட்ட கேள்வி இங்கே ‘உள்ளே நுழைவது’ என்பதிலிருந்து ‘பையை விட்டு வெளியேறுவது’ என்று மாறிவிடுகிறது.

இந்த அமைப்பின் முக்கியத்துவத்தை யாரும் திட்டமிடாமலேயே ஒரு நீண்ட சோதனை காட்டியது. கால்மெட்டும் குவெராவும் மாட்டுக் காசநோய்க் கிருமியை 1908 முதல் 1921 வரை 230 முறை ஊடகம் மாற்றி மாற்றி வளர்த்து, நோய்த்தன்மை இழந்த ஒரு விகாரத்தை, அதாவது அக்கிருமியின் மாறுபட்ட ஒரு வழித்தோன்றலைப் பெற்றார்கள். அதுதான் பிசிஜி தடுப்பூசி. அது எதை இழந்தது என்பது அவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. 1990-களில் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டபோது, எல்லா பிசிஜி விகாரங்களிலும் ஆர்டி-1 என்னும் ஒரு துண்டு விடுபட்டிருப்பது தெரிந்தது. ஈஎஸ்எக்ஸ்-1 அமைப்பின் முக்கியப் பகுதிகளும் ஈசாட்-6, சிஎஃப்பி-10 மரபணுக்களும் இருப்பது அந்தத் துண்டில்தான். விடுபட்ட பகுதியை பிசிஜி-க்குத் திருப்பிக் கொடுத்தபோது, நோயெதிர்ப்பு குன்றிய எலிகளில் அதன் நோய்த்தன்மை ஓரளவு திரும்பியது. முழுமையாகத் திரும்பவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிசிஜி வேறு சில பகுதிகளையும் இழந்திருக்கிறது.

ஆய்வகத்தில் வேலை செய்பவர்களுக்கு இதனால் கிடைத்த பயன் நேரடியானது. பழைய டியூபர்குலின் தோல் சோதனையில் பயன்படும் கலவையில் பிசிஜி-யிலும் உள்ள பல புரதங்கள் இருப்பதால், தடுப்பூசி போட்டுக்கொண்டவருக்கும் தோல் தடிக்கக்கூடும். இரத்தத்தை ஈசாட்-6, சிஎஃப்பி-10 பெப்டைடுகளோடு (புரதத் துண்டுகளோடு) வைத்து, நோயெதிர்ப்புச் செல்கள் வெளிவிடும் இன்டர்ஃபெரான் காமா சுரக்கிறதா என்று அளக்கும் சோதனையில் அந்தக் குழப்பம் இல்லை, ஏனென்றால் பிசிஜி அவ்விரண்டையும் உண்டாக்குவதே இல்லை. இதே புரதங்களைத் தோலில் செலுத்திப் பார்க்கும் புதிய சோதனைகளையும் 2022-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. மைக்கோபாக்டீரியம் கன்சாசி, மைக்கோபாக்டீரியம் மரினம் போன்ற சில இனங்களிலும் இப்புரதங்கள் இருப்பதால் அவற்றின் தொற்றிலும் சோதனை நேர்மறையாக வரலாம். மேலும், உறங்கும் தொற்றையும் நோயாக வெளிப்பட்ட காசநோயையும் இச்சோதனைகளால் பிரித்துச் சொல்ல முடியாது.

மருந்து_வடிவமைப்பு (பதில்)

மருந்து பற்றிய கேள்விக்கு என்னால் இயன்ற அளவு விடை தருகிறேன். இதிலும் சவ்வு_ஆய்வாளர் எழுப்பிய கேள்வியே வழிகாட்டும்.

தானே நுழையும் நச்சு, செல்லை அடையும் வரை உடல் திரவத்தில் தனியாக இருக்கிறது. அந்த இடைவெளியில் எதிர்ப்பொருள் அதைப் பிடித்துவிடலாம். டிப்தீரியாவுக்கு 1890-களிலேயே எதிர்நச்சு மருந்து சாத்தியமானதும், டிப்தீரியா, டெட்டனஸ் தடுப்பூசிகள் இன்றும் செயலிழக்கச் செய்த நச்சையே கொண்டிருப்பதும் இதனால்தான். மூன்றாம் வகைக் கருவி செலுத்தும் புரதங்களோ பாக்டீரியாவின் சைட்டோபிளாசத்திலிருந்து நம் செல்லின் சைட்டோபிளாசத்துக்குச் சென்றுவிடுகின்றன. வழியில் எதிர்ப்பொருளின் கைக்கு அவை பெரும்பாலும் அகப்படுவதே இல்லை. வெளியே நீட்டிக்கொண்டிருப்பது கருவியின் நுனி ஒன்றுதான். பிளேக் கிருமியின் வி எதிர்ச்செனி (எதிர்ப்பொருளைத் தூண்டும் ஒரு புரதம்) பாதுகாப்புத் தரும் என்பது 1950-களிலேயே தெரிந்திருந்தது. அந்தப் புரதம் ஊசியின் நுனியில் அமர்ந்திருப்பது பல பத்தாண்டுகளுக்குப் பிறகுதான் தெரியவந்தது. சூடோமோனாஸ் ஏருஜினோசாவில் அதற்கு நிகரான நுனிப் புரதமான பிசிஆர்-வி-க்கு எதிரான எதிர்ப்பொருள்கள் மனிதர்களிடம் சோதிக்கப்பட்டன. விலங்குகளில் கண்ட அளவுக்கு நோயாளிகளிடம் பலன் நிறுவப்படவில்லை.

சிறு மூலக்கூறுகளிலும் முயற்சி நடந்திருக்கிறது. சாலிசிலிடீன் அசைல்ஹைட்ரசைடு என்னும் ஒரு குடும்பம் யெர்சினியா, சால்மோனெல்லா, ஷிகெல்லா, கிளமிடியா எனப் பல கிருமிகளில் மூன்றாம் வகையைத் தடுத்தது. ஆனால் அவை இரும்பைப் பிணைக்கும் இயல்புடையவை. சில கிருமிகளில் கண்ட விளைவு கருவியை அடைத்ததால் வந்ததா, இரும்பு குறைந்ததால் வந்ததா என்று பிரிப்பது கடினமாயிற்று. இத்துறையில் வரும் ஆய்வறிக்கைகளைப் படிக்கும்போது, தடுப்பான் எந்தப் புரதத்தோடு பிணைகிறது என்பது காட்டப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இல்லாவிட்டால் மற்ற முடிவுகளை நான் தள்ளிவைத்தே படிப்பேன்.

அடிப்படைத் தடை வேறு ஒன்று. நோயாளி மருத்துவமனைக்கு வரும்போது புரதங்கள் ஏற்கெனவே செல்லுக்குள் போய்விட்டிருக்கும். போனதைத் திரும்பப் பெற எந்தத் தடுப்பானாலும் முடியாது. எந்தக் கிருமி, அது எந்த அமைப்பைப் பயன்படுத்துகிறது என்று விரைவாகத் தெரிந்தால்தான் இவ்வளவு குறுகிய இலக்குடைய மருந்தைக் கொடுக்கவும் முடியும். கொல்லாத மருந்துக்கு எதிர்ப்பு உருவாகாது என்று சொல்வதும் மிகை. உடலுக்குள் அந்த அமைப்பு கிருமிக்கு நன்மை தரும் இடங்களில், தடுப்பானைத் தாண்டிச் செல்லும் பிறழ்வுகளுக்கும் நன்மை உண்டு. இத்தனையையும் மீறி, செயற்கைச் சுவாசத்தில் இருப்பவர்களுக்கு சூடோமோனாஸ் நிமோனியா வருமுன் காக்கும் முயற்சி நியாயமானது என்றே நான் கருதுகிறேன், ஏனெனில் அங்கே ஆபத்து முன்கூட்டியே தெரிகிறது.

முதுகலை_மாணவி (மறுமொழி)

அப்படியானால் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்கிறேன். கக்குவான் இருமல் கிருமியின் பெர்டசிஸ் நச்சு நான்காம் வகை வழியாக வெளியேறுகிறது என்று அட்டவணை சொல்கிறது. ஆனால் அது ஹெலிகோபாக்டரைப் போல நேராகச் செல்லுக்குள் செலுத்தப்படாமல் வெளியே விடப்படுகிறது என்றால், எண் நான்காக இருந்தாலும் எதிர்ப்பொருளால் அதைத் தடுக்க முடிய வேண்டும் அல்லவா?

சவ்வு_ஆய்வாளர் (பதில்)

சரியாகச் சொன்னீர்கள். பெர்டசிஸ் நச்சின் துணையலகுகள் செக் பாதை வழியாகப் பெரிப்பிளாசத்தை அடைந்து, அங்கே முழுதாகக் கூடி, பிறகு நான்காம் வகைக் கருவியால் வெளிச்சவ்வைக் கடந்து விடுவிக்கப்படுகின்றன. அதன் பி பகுதி நம் செல்களின் சர்க்கரைத் தொடர்களைத் தானே பற்றிக்கொள்கிறது. கட்டமைப்பில் காலரா நச்சுக்கே அது நெருக்கம். செயலிழக்கச் செய்த பெர்டசிஸ் நச்சு, செல் நீக்கப்பட்ட கக்குவான் தடுப்பூசிகள் எல்லாவற்றிலும் இடம்பெறுவது நீங்கள் கேட்ட இந்தக் காரணத்தால்தான்.

அத்தடுப்பூசிகள் பலவற்றில் சேர்க்கப்படும் பெர்டாக்டின், ஐந்தாம் வகை வழியாக, தன் வால் பகுதியையே வெளிச்சவ்வில் வாயிலாக அமைத்துக்கொண்டு மேற்பரப்பை அடைகிறது. இந்தத் தடுப்பூசிகள் வழக்கத்திலுள்ள நாடுகளில் பெர்டாக்டினை உண்டாக்காத விகாரங்கள் பெருகியிருக்கின்றன. பெர்டசிஸ் நச்சை இழந்த விகாரங்களோ மிக அரிதாகவே கிடைக்கின்றன.